ஜீப்புக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு டயர்: ஃபோர் வீல் போடலாமா?

தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலையில் காபியும் மிளகும் வைத்திருக்கும் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். சுருக்கம் இது. அவரிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு மஹிந்திரா தார் ஜீப், டீசல், 4x4. கியர் லீவருக்குப் பக்கத்தில் 2 எச், 4 எச், 4 எல் என்று தனி லீவர் உள்ள வண்டி (2 எச்சில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், 4 எச்சில் நான்கும், 4 எல்லில் நான்கும் மெதுவாக, கூடுதல் விசையோடு). ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) இல்லை. நான்கு மாதம் முன்பு பின் டயர் இரண்டும் கல்லில் கிழிந்தன. டவுனில் உள்ள டயர் கடையில் பழைய அளவான 235/70 ஆர் 16 ஸ்டாக் இல்லை. "பின்னால பெருசு போட்டா மலை ஏற நல்லா இழுக்கும்" என்று சொல்லி 245/75 ஆர் 16 இரண்டை மாட்டி அனுப்பிவிட்டார்கள். முன் டயர்கள் பாதி தேய்ந்த பழைய 235. ஸ்டெப்னியும் அதுவே.

முதல் மூன்று மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. மழை பிடித்த பிறகு அடிவாரத்திலேயே 4 எச் போட்டு உச்சி வரை ஏறத் தொடங்கினார். அப்போதிலிருந்து கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் இறுகுகிறது, டயர் கிறீச்சிடுகிறது, அடியில் 'கடக்' என்று சத்தம். மேலே போய்ச் சேர்ந்தால் லீவர் 2 எச்சுக்குத் திரும்ப மறுக்கிறது. முன் டயர் பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) ரம்பம் போல ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கின்றன.

அவருக்குக் கிடைத்த யோசனைகள் மூன்று. மச்சான் சொன்னது: டிராக்டருக்கு முன்னால் சின்னது, பின்னால் பெரியது, அதிலும் ஃபோர் வீல் இருக்கிறதே, பயப்படாதே. மெக்கானிக் சொன்னது: முன்னால் ஒரு பெரியது ஒரு சின்னது, பின்னால் ஒரு சின்னது ஒரு பெரியது என்று குறுக்காக மாட்டினால் கணக்கு சரியாகிவிடும். பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னது: பின் டயரில் காற்றைக் குறைத்தால் உயரம் இறங்கிவிடும். இவற்றில் எதைக் கேட்பது, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் வருமா, கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அவசரமானது. இன்றிலிருந்து லீவர் 2 எச்சிலேயே இருக்கட்டும். டயர் மாறும் வரை 4 எச் பக்கமே போக வேண்டாம், மலைக்கும் சரி, மழைக்கும் சரி. வண்டியை ஓரங்கட்ட வேண்டியதில்லை. 2 எச்சில் முன் அச்சுக்கு இன்ஜின் விசை போகாது, முன்னும் பின்னும் தனித்தனியாக உருளும். முதல் மூன்று மாதம் உங்களுக்கு ஒன்றும் தெரியாததற்குக் காரணம் அதுதான். அதனால் "டயர் ஒத்துக்கொண்டது, மழையில்தான் ஏதோ கெட்டது" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. பொருந்தாத டயர் மாட்டிய அன்றே பொருந்தவில்லை. 4 எச் போட்ட அன்று அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

கணக்கைப் பார்ப்போம். 235/70 ஆர் 16 என்றால் அகலம் 235 மி.மீ., அதில் 70 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 164.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 329. 16 அங்குல ரிம் 406.4 மி.மீ. மொத்த விட்டம் ஏறத்தாழ 735 மி.மீ. அதே வழியில் 245/75 ஆர் 16க்கு 774 மி.மீ. வருகிறது. பார்வைக்கு ஒன்றரை அங்குல வித்தியாசம். ஆனால் ஒரு கிலோமீட்டர் போக சின்ன டயர் 433 சுற்று சுற்ற வேண்டும், பெரியது 411 சுற்றே போதும். இந்த 22 சுற்றில்தான் உங்கள் பிரச்சினை முழுவதும் அடங்கியிருக்கிறது. (வண்டியின் பாரத்தில் டயர் சற்றே அமுங்குவதால் உண்மை எண்கள் கொஞ்சம் மாறும். விகிதம் பெரிதாக மாறாது.)

உங்கள் வண்டியில் 4 எச் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். முன் டயர் கிலோமீட்டருக்கு 433 கேட்கிறது, பின் டயர் 411 கேட்கிறது, பூட்டு இரண்டையும் ஒரே எண்ணுக்கு இழுக்கிறது. மிச்சம் எங்கே போகும்? ஏதாவது ஒரு சோடி டயர் தரையில் வழுக்கியே ஆக வேண்டும்: ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 50 மீட்டர். சேற்றிலும் உதிரி மண்ணிலும் அந்த வழுக்கல் சுலபமாக நடந்துவிடும். தார் ரோட்டில் டயர் பிடித்துக்கொள்ளும், வழுக்க மறுக்கும். அப்போது ஷாஃப்ட், கிராஸ் (ஷாஃப்ட்டின் மூட்டு), டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் செயின், ஆக்ஸில் எல்லாம் முறுக்கேறி நிற்கும். ஒரு கட்டத்தில் டயர் விட்டுக்கொடுத்து ஒரு துள்ளு துள்ளும். உங்களுக்குக் கேட்கும் 'கடக்' பெரும்பாலும் அதுவே. லீவர் வராததற்கும் இதே முறுக்குதான் காரணம். உள்ளே பூட்டும் பற்கள் அழுத்தத்தில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருக்கின்றன.

வளைவில் ஏன் மோசம் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. எந்த வண்டியும் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம், 2.43 மீட்டர். பின் அச்சு 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் முன் அச்சு ஏறத்தாழ 6.5 மீட்டர் ஆரத்தில் போகும். 8 சதவீதம் அதிக தூரம். நான்கு டயரும் ஒரே அளவாக இருந்தாலும் இந்த 8 சதவீதம் உண்டு. காய்ந்த தார் ரோட்டில் 4 எச் போடக் கூடாது என்று வண்டியோடு வரும் கையேட்டில் எழுதியிருப்பது இதற்காகத்தான். உங்கள் விஷயத்தில் சின்ன டயர் முன்னால் இருக்கிறது. ஏற்கெனவே அதிகம் சுற்ற வேண்டிய முன் சக்கரம், சின்னதாக இருப்பதால் இன்னும் 5 சதவீதம் அதிகம் சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே திசையில் கூடி 13 சதவீதத்தைத் தாண்டுகிறது. கொண்டை ஊசியில் ஸ்டியரிங் இறுகாமல் என்ன செய்யும்?

மலை என்றாலே ஃபோர் வீல் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். ஏற்றத்துக்கு வேண்டியது சின்ன கியர். 4 எச் உதவுவது பிடிப்பு இல்லாத தரையில். நல்ல தார் ரோடு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும், ஈரமாக இருந்தாலும், 2 எச்சில் இரண்டாம் கியரே போதும். தார் முடிந்து உங்கள் தோட்டத்து மண் பாதை தொடங்கும் இடம்தான் 4 எச்சுக்கு உரிய இடம்.

மூன்று யோசனைகள்

டிராக்டர் வாதம் பலரும் சொல்வது, கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் ஃபோர் வீல் டிராக்டரில் முன் அச்சின் பல் விகிதமே வேறு. சின்ன முன் சக்கரம் வேகமாகச் சுற்றும்படி தொழிற்சாலையிலேயே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். சரிசமமாகக்கூட வைப்பதில்லை. முன் சக்கரம் 1 முதல் 5 சதவீதம் வரை முந்தி இழுக்கும்படி வைப்பார்கள், உழவில் அதுதான் நன்றாக இழுக்கும். அந்த டிராக்டருக்கே முன் டயரை மட்டும் வேறு அளவில் மாற்றினால் இந்தக் கணக்கு குலைந்து முன் டயர் சீக்கிரம் மொட்டையாகும். ரோட்டில் போகும்போது முன் அச்சை விடுவித்துவிடு என்று டிராக்டர் கையேடும் சொல்கிறது. உங்கள் ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஒரே விகிதம். நான்கு டயரும் ஒரே அளவு என்று நம்பித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மச்சானிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், டிராக்டரைப் பற்றி அவர் சொன்னது சரி.

குறுக்காக மாட்டும் யோசனையில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அச்சின் சராசரியைத்தான் ஷாஃப்ட் பார்க்கும். இரண்டு அச்சிலும் ஒரு பெரியது ஒரு சின்னது இருந்தால் நேர் ரோட்டில் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும், முறுக்கு ஏறாது. மெக்கானிக் கணக்குத் தெரிந்தவர்தான். ஆனால் அந்த 22 சுற்று எங்கும் மறைந்துவிடவில்லை, முன்னும் பின்னும் இருந்தது இடமும் வலமுமாகிவிட்டது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் 22 சுற்று வித்தியாசம், அதுவும் நேர் ரோட்டில், ஓயாமல். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் வளைவில் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு பேரிங் கிடையாது, ஒரு இரும்புக் கம்பியும் வாஷரும்தான். சேலம் வரை போய் வரும் நேரமெல்லாம் அவை சுற்றிக்கொண்டே இருந்தால் வாஷர் தேயும், பல் விளையாடும், எண்ணெய் கறுக்கும்.

அதைவிட எனக்குக் கவலை பிரேக். ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடித்தாலும் சின்ன டயர் தரையில் கூடுதல் விசையோடு பிடிக்கும், பெரியது குறைவாக. ஒரே அச்சில் இப்படி இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நீங்கள் மாதம் இரண்டு முறை மிளகு மூட்டையோடு சேலம் லீ பஜாருக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர் இறக்கம் எப்படிப்பட்டது என்று தர்மபுரிக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாரிகளுக்கு நடுவே, பாரத்தோடு, ஏபிஎஸ் இல்லாத வண்டியில், பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் திருத்திக்கொள்ள இடம் இருக்காது. இப்போது இருக்கும் தப்பைவிட இந்தத் திருத்தம் பெரிய தப்பு. உங்கள் ஆண்டு வண்டிகளில் சிலவற்றுக்குப் பின் டிஃபரன்ஷியல் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. அதற்குள் கிளட்ச் பிளேட்டுகள் இருக்கின்றன. இடம் வலம் வேறு வேறு டயர் போடுவது அவற்றையும் வீணாகத் தேய்க்கும்.

காற்றைக் குறைப்பது மூன்றிலும் பலவீனமான யோசனை. ரேடியல் டயரின் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று வளையமாக ஓடுகிறது. காற்று குறைந்தால் டயர் அமுங்கும், அச்சு தாழும், ஆனால் அந்தப் பட்டையின் சுற்றளவு அப்படியே இருக்கும். ஒரு சுற்றுக்கு டயர் கடக்கும் தூரம் 10 பிஎஸ்ஐ குறைத்தாலும் ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்குள்தான் மாறும். உங்களுக்குக் குறைய வேண்டியது 5 சதவீதம். அதற்குள் பக்கச் சுவர் சூடேறி, மூட்டை பாரத்தில் வெடிக்கும். நான்கு டயரிலும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்று இருக்கட்டும். இப்போது குறைத்து வைத்திருந்தால் இன்றே சரிசெய்யுங்கள்.

லீவர் மறுபடி மாட்டிக்கொண்டால்

வேறு யாராவது ஓட்டும்போது தெரியாமல் 4 எச் போட்டுவிடலாம், அதனால் சொல்லி வைக்கிறேன். லீவரை உதைக்காதீர்கள், குழாய் மாட்டி இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை விட்டு லீவரை மெல்ல இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் நின்று, ரிவர்ஸில் நேராக 5 முதல் 10 மீட்டர் வாருங்கள். முன்னால் ஏறிய முறுக்கு பின்னால் வரும்போது அவிழும், பாதி வழியிலேயே லீவர் தானாகத் தளரும். ரோட்டோரத்தில் உதிரி மண் இருந்தால் அதில் ஏற்றி இறக்குவது இன்னும் எளிது.

இதற்கும் மசியாவிட்டால் கடைசி வழி ஜாக்கி. சமதரையில் மட்டும், மற்ற மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் கொடுத்துவிட்டு, முன் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். தூக்கும் கணத்தில் அந்தச் சக்கரம் வெடுக்கென்று சுற்றும். கை, கால், வேட்டி எதுவும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. 4 எச்சுக்கும் 4 எல்லுக்கும் நடுவில் உள்ள நியூட்ரலில் லீவர் நின்றுவிட்டால், முதல் கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் வண்டி உருளும். சக்கரத்துக்கும் கியர் பெட்டிக்கும் அங்கே தொடர்பே இல்லை. சரிவில் லீவரோடு மல்லுக்கட்டுவது ஆபத்து என்று சொல்வது இதனால்.

பட்டறையில் எதைப் பார்க்கச் சொல்வது

ஒரு மாதமாக முறுக்கிலேயே ஓடியிருக்கிறது. அடுத்த டயர் வாங்கும் முன்பே ஒரு முறை அடியில் பார்த்துவிடுவது நல்லது. முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை இறக்கச் சொல்லுங்கள், இறக்கும்போது நீங்களும் கூட இருங்கள். எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் சூடேறியிருக்கிறது. டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது எல்லா வண்டியிலும் இருக்கும். விரலில் குத்தும் சிம்பு, பல் துண்டு இருந்தால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். முன், பின் அச்சுகளின் ஹவுசிங் (டிஃபரன்ஷியல் இருக்கும் பெட்டி) எண்ணெய்க்கும் இதே சோதனை.

பிறகு இரண்டு பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்களையும் கையால் முறுக்கி ஆட்டம் பார்க்க வேண்டும், அவற்றின் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். துருப்பொடி சிவப்பாகக் கசிந்திருந்தால் அந்த கிராஸ் முடிந்தது. கியர் பெட்டியும் டிரான்ஸ்ஃபர் கேஸும் உட்காரும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிந்திருந்தால் டயர் மாற்றிய பிறகும் 'கடக்' சத்தம் தொடரும், நீங்கள் டயரைச் சந்தேகித்துக்கொண்டே இருப்பீர்கள். செயின் நீண்டிருந்தால், மண்ணில் 4 எச் போட்டு மிதிக்கும்போது பெட்டிக்குள் கடகடவென்று பல் தாண்டும் சத்தம் வரும். ஒரு மாத ஓட்டத்தில் அந்த அளவுக்குப் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். முன் டயரின் ரம்பத் தேய்மானத்தைப் பார்த்து வீல் அலைன்மென்ட் மட்டும் செய்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். செய்து வைப்பதில் தப்பில்லை, ஆனால் காரணம் அதுவல்ல.

இனி எந்த டயர்?

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, முன்னாலும் 245/75 வாங்கி நான்கையும் பெரிதாக்குவது. முறுக்குப் பிரச்சினை அதோடு தீரும். அடித்தட்டு உயரம் 19 மி.மீ. கூடும். ஆனால் எல்லா கியரும் 5 சதவீதம் நீண்டுவிடும், அதாவது பாரத்தோடு மலை ஏறும் இழுவை அந்த அளவுக்குக் குறையும். கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர். பெரிய டயர் நன்றாக இழுக்காது, குறைவாகத்தான் இழுக்கும். வேகம் காட்டும் முள், பின் ஷாஃப்ட்டிலிருந்து கணக்கெடுக்கும் வண்டியில், 60 என்று காட்டும்போது நீங்கள் 63இல் போய்க்கொண்டிருப்பீர்கள். இப்போதே அப்படித்தான் இருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்கார்டிலோ ஸ்பிரிங்கிலோ டயர் உரசுகிறதா என்று இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தாக வேண்டும். ஸ்டெப்னியும் மாற வேண்டும். கம்பெனி சொன்ன அளவை மீறிய வண்டி என்ற சட்டச் சிக்கலும் கூடவே வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது, பழைய 235/70க்கே திரும்புவது. நான் இதைத்தான் சொல்வேன். இங்கே ஒரு சின்ன அனுகூலமும் உண்டு. 2020க்குப் பிறகு வந்த தாரில் 16 அங்குல ரிம் உள்ள வகைக்குக் கம்பெனி அளவே 245/75 ஆர் 16. நான்கு மாதமே ஓடிய உங்கள் டயர் இரண்டுக்கும் வாங்க ஆள் இருக்கும். பட்டனை அளந்து, படம் எடுத்து விலை கேளுங்கள்.

ஆனால் புதிதாக இரண்டு மட்டும் வாங்கிப் பின்னால் போட்டால் முடிந்ததா? எண் ஒன்றானாலும் அளவு ஒன்றாகாது. புது ஆல்-டெரெயின் டயரில் பட்டன் ஆழம் 11 மி.மீ. அளவில் இருக்கும். உங்கள் முன் டயரில் 5 மி.மீ. மிச்சம் என்கிறீர்கள். ஆழத்தில் 6 மி.மீ. வித்தியாசம் என்றால் விட்டத்தில் 12 மி.மீ., ஏறத்தாழ 1.6 சதவீதம். பூட்டும் ஃபோர் வீல் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள், பட்டன் ஆழத்தில் 2 அல்லது 3 மி.மீ.க்குள், இருப்பது நல்லது. ஆகவே முடிந்தால் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் வகையில் ஒரே நாளில் வாங்குங்கள். வேறு வேறு கம்பெனியின் ஒரே எண் டயர்கூட நாடா வைத்து அளந்தால் ஒன்றாக இருப்பதில்லை. இப்போதைய முன் டயர்களில் நல்லது ஒன்று ஸ்டெப்னியாகட்டும். அது மாட்டியிருக்கும் வரை 2 எச்தான்.

கையில் அவ்வளவு இல்லை என்றால், புதிய 235/70 இரண்டைப் பின்னால் போட்டு, முன் டயர் இரண்டையும் மாற்றும் வரை 4 எச்சைச் சேற்றில் மாட்டிக்கொண்ட இடத்துக்கு மட்டும், சில நூறு மீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1.6 சதவீதத்தைச் சேறு மன்னிக்கும். செகண்ட்ஸ் டயர் வாங்கி முன்னால் உள்ளதோடு சோடி சேர்ப்பதும் ஒரு வழி. பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாறு ஆண்டு கடந்தது, பக்கவாட்டில் வெடிப்பு விட்டது வேண்டாம். ரீட்ரேடு செய்த (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய) டயரை ஃபோர் வீல் வண்டியில் சோடி சேர்ப்பது இன்னும் கடினம், சுற்றளவு எப்படி வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது.

எதை மாட்டினாலும் அளந்து பாருங்கள். சமதரையில், நான்கிலும் சரியான காற்றோடு, முன் டயர் ஒன்றின் அடியில் டயருக்கும் தரைக்குமாகச் சாக்பீஸ் கோடு போடுங்கள். வண்டியை நேராக, 2 எச்சில், அந்த டயர் சரியாக 5 சுற்று சுற்றும் வரை உருட்டி, தரையில் மறுபடி கோடு போட்டு, இடைப்பட்ட தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். பிறகு பின் டயருக்கும் அப்படியே. 235/70க்கு 11.2 மீட்டர் அளவில் வரும். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 11 செ.மீ.க்குள் இருந்தால் ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறது. இப்போது இருக்கும் டயர்களை அளந்தால் அரை மீட்டருக்கு மேல் வரும். கடைக்காரரிடம் பேசப் போகும் முன் அந்த அளவைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸும் கடையும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டயர் அளவு மாறியதும் இன்சூரன்ஸ் செல்லாது என்று உங்களை யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அப்படி ஒரேயடியாக இல்லை. விபத்து நடந்தால் சர்வேயர் டயர்களைக் குறிப்பெடுப்பார். உங்கள் வண்டியின் சேதத்துக்கான தொகையில் பொருந்தாத டயரைக் காரணம் காட்டிக் குறைக்கவோ மறுக்கவோ பார்ப்பார்கள், அப்போது வாதாடும் நிலைமை உங்களுக்கு வரும். அடிபட்ட மூன்றாம் நபருக்கான பொறுப்பு தனி. அதிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனி அவ்வளவு சுலபமாக விலக முடியாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. முறுக்கில் உடைந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் விபத்தல்ல, இயந்திரப் பழுது. சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரப் பழுதும் விலக்கு. அந்தச் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போன டயரோடு ரோட்டில் ஓட்டுவதும் மோட்டார் வாகன விதிகளுக்கு விரோதம். உங்கள் முன் டயர் இன்னும் அந்த எல்லைக்கு வரவில்லை.

கடை விஷயம். ஓட்டித் தேய்ந்த டயருக்கு முழுப் பணம் கேட்டால் கிடைக்காது, கேட்பதும் சரியல்ல. வேறு அளவைப் பொருந்தும் என்று சொல்லி விற்றதுதான் உங்கள் குறை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பில்லில் டயர் அளவு இருக்கிறதா, வண்டி எண் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் உங்கள் பக்கம் பலம். முதலில் மாற்று விலை கேளுங்கள்: 245 இரண்டையும் எடுத்துக்கொண்டு 235 நான்கில் கழிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகள் வண்டிக்காரரை இழக்க விரும்பாமல் இதற்கு இறங்கி வரும். பேச்சு நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகு தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. டயரை விற்கும் முன் அளவு எண் தெரியும்படி படமும், பட்டறையில் எண்ணெய் இறக்கியபோது எடுத்த படமும், மெக்கானிக்கின் பில்லும் வைத்திருங்கள்.

நடுவில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முன் டயர் என்றால் ஸ்டெப்னியை மாட்டிப் போகலாம். பின் டயர் என்றால் பெரியதுக்குப் பக்கத்தில் சின்னது வந்துவிடும். 2 எச்சில், 40க்கு மேல் போகாமல், மூட்டை இருந்தால் இறக்கி வைத்துவிட்டு, அருகில் உள்ள பஞ்சர் கடை வரை மட்டும். அந்த நிலையில் தொப்பூர் பக்கம் இறங்க வேண்டாம்.